வெள்ளகவிக்கு ஒரு புத்தகப் பெட்டி

பழனிமலைத் தொடரில், கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே, மலைச்சரிவின் நடுவண் அமைந்த சிற்றூர் வெள்ளகவி. வட்டக்கானலினின்று கீழிறங்குவோரும் கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து மேலேறுவோரும் கால்நடையாகவே அவ்வூரை அடைவது நெடுங்கால வழக்கு. வத்தலக்குண்டு வழியாக மோட்டார்ப் பாதை அமைந்த பின்னர் உலகமெல்லாம் அவ்வழியே கொடைக்கானலுக்கு ஏறலாயிற்று. பழைய நடைபாதையும் அதன்மேல் இருந்த ஊரும் பலர் நினைவினின்று நழுவின. கோயில்கள் செறிந்த ஊராதலின், ஊரெல்லைக்குட் காலணி அணிந்து நடவாமையை அவ்வூரார் மரபாகப் போற்றி வருகின்றனர். அங்கு விளையும் காப்பியும் மிளகும் பழங்களும் தலைச்சுமையாகவும் குதிரைப் பொதியாகவும் சந்தைக்கு வரும். அரிசியும் உப்பும் அவ்வாறே ஊர்க்குப் போகும். நோயுற்றாரை டோலி கட்டித் தூக்கிச் சென்ற செய்திகளை நாளேடுகளிற் பலமுறை படித்திருக்கிறோம். பாதை அமைக்கும் முயற்சிகளைப் பற்றியும் அண்மை ஆண்டுகளிற் படிக்கிறோம். அவை நன்கு முற்றுப்பெறுக.

ஆயின் யாம் இங்கு வினவப் புகுவது வேறு. அரிசி ஏறும் அப்பாதையில், பாடப்புத்தகம் அல்லாத புத்தகம் எத்துணை ஏறுகின்றது? வெள்ளகவியிலும், அதனை ஒத்த நூறு மலையூர்களிலும், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற சிறுவனொருவன் தான் கற்ற அவ்வாற்றலை எதன்மேற் செலுத்துவான்? நீந்தக் கற்பித்துவிட்டுக் குளத்தைப் பூட்டி வைப்பார் உளரோ?

குளமே இல்லை என்று சொல்வதற்கில்லை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டு, தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. இதன் பின்னே நின்று பல்லாண்டு உழைத்தவர், சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்றவர். கணித ஆசிரியராயிருந்து, 1924ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகரானவர். மிஷன் கல்லூரி மாணவர் என்னும் உறவு கருதி நாமும் சிறிது பெருமை கொள்ளலாம். அவர் வேண்டியவற்றைச் செய்தோமா என்று எவரேனும் கேட்டால் அப்பெருமை சற்றே அடங்கும்.

அச்சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு இன்று நூலக வரியாகத் தண்டப்படுகின்றது. அப்பணம் மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக் குழுவின் நிதியிற் சேர்கின்றது. இதன்கண் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. திண்டுக்கல் நகரத்து மாடிவீட்டின் வரியும் மலைச்சரிவுக் குடிசையின் வரியும் ஒரே பேழையிற் சென்று விழுகின்றன. ஆதலின் அப்பேழையினின்று வாங்கும் நூல்களில் மலையூர்ச் சிறாருக்கும் பங்குண்டு. அது கொடையன்று, அவர்தம் தந்தையர் முன்னரே விலை கொடுத்த பொருள். அப்பொருள் கட்டடம் உள்ளவிடத்திலேயே நின்றுவிடுகின்றது என்பதே நம் முறையீடு. மக்கள் குறைந்த ஊர்க்குக் கட்டடம் கட்டுதல் கட்டுப்படியாகாது என்பர். மெய்தான். ஆனால் நூலகம் என்றால் கட்டடம் என்று நமக்குக் கற்பித்தவர் யாவர்? 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகச் செலுத்தினார். அரங்கநாதன் அவர்கள் நூலகத்தின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வண்டி செல்லாத ஊரிற் குதிரை செல்லும்; குதிரையும் செல்லாதவிடத்து மனிதன் செல்வான்.

இவ்வாறு சொல்வதைக் கனவென்று நகைப்பார்க்கு மேற்குத்தொடர்ச்சி மலையிலேயே ஒரு சான்றுண்டு. கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், முதுவர் வாழும் இடமலைக்குடி என்னும் காட்டூரில், பி. வி. சின்னத்தம்பி என்னும் பெரியவர் மண்சுவர்த் தேநீர்க் கடையொன்றை வைத்திருந்தார். அக்கடையே நூலகமாகவும் இருந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ஆம் ஆண்டில் அதனைப்பற்றி எழுதியபோது அங்கிருந்த நூல்கள் 160. இரண்டு சாக்குகளில் அடங்குவன. தேநீர் குடிக்க வந்தோர் நூலும் கொண்டு போயினர். இன்னார் இன்ன நூலைக் கொண்டுபோனார் என்று பெரியவர் ஏட்டிற் பதிந்து வைத்தார். நம் சிலப்பதிகாரமும் மலையாள உடையில் அச்சாக்கினுள் இருந்ததாம். அங்குப் பள்ளி ஆசிரியராயிருந்த பி. கே. முரளீதரன் அவர்களின் துணையால் அமைந்தது அது. ஓர் ஆசிரியரும் ஒரு தேநீர்க் கடைக்காரரும் சேர்ந்தால் ஆவது ஒரு நூலகம்! கண்ணாடி அலமாரியும் குளிர்சாதன அறையும் பின்னர் வரட்டும்.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகையன நிகழ்ந்துள்ளன. அமெரிக்காவின் கெண்டக்கி மலைநாட்டில் 1935 முதல் 1943 வரை பெண்டிர் குதிரையேறி ஓடைகளையும் பள்ளத்தாக்குகளையும் கடந்து வீடுதோறும் நூல் கொடுத்து வந்தனர். நாடு பெரும் பொருள்முடையில் இருந்த காலம் அது; புதிய நூல் வாங்கப் பணமில்லை. பழைய பத்திரிகைகளைக் கத்தரித்து ஒட்டி, சமையற் குறிப்பும் கதையும் படமும் கலந்த ஒட்டுப் புத்தகங்களைத் தாமே செய்தனர்; அவற்றை வாசகர் விரும்பிக் கேட்டனர். தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் லூயிஸ் சோரியானோ என்னும் பள்ளி ஆசிரியர் இரண்டு கழுதைகளின் முதுகில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்ச் சிறாரிடம் கொண்டு சென்றார். கழுதைகளுக்கு அவர் இட்ட பெயர்கள் ஆல்பா, பேத்தோ என்பன; இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் மொழியில் நெடுங்கணக்கு என்று பொருள்படும். தமிழ்நாட்டிலாயின் உயிர், மெய் என்று பெயரிட்டிருப்போம் போலும்.

நிற்க. பெட்டி ஊர்க்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் பள்ளிகளே சாட்சி. யாம் பயின்ற பள்ளியொன்றில் அழகிய அலமாரி ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி வழியே நூல்களின் முதுகெழுத்தை ஐந்தாண்டும் படித்தோம். உள்ளெழுத்தைப் படித்தது அரிது. திறவுகோல் தலைமையாசிரியரிடம் இருந்தது. அவரைக் குறைகூறல் தகாது. ஒரு நூல் காணாமற்போனால் தணிக்கைக்கு விடை சொல்ல வேண்டியவர் அவர். நூறு நூல்கள் எவராலும் தொடப்படாமற் கிடந்து செல்லரித்தாலோ அவரை எவரும் ஒன்றும் கேளார். முறை இவ்வாறிருக்க, அறிவுடைய எவர்தாம் அலமாரியைத் திறப்பார்? முற்காலத்து ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியாற் பலகையோடு பிணித்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹெரிபோர்டுப் பேராலயத்தில் அச்சங்கிலிகளை இன்றும் காணலாம். அவர்களேனும் சங்கிலி எட்டுமட்டும் படிக்க விட்டனர்.

ஆகவே எம் கருத்தை ஒளியாது உரைக்கின்றோம். சிறுவர் நூலகத்தில் ஆண்டுதோறும் சில நூல்கள் கிழியவேண்டும். சில காணாமற்போகவும் வேண்டும். அரிசிக் கடையில் அரிசி குறைவது நட்டமன்று. கிழிந்த நூலைப் படிக்கப்பட்ட நூலென்று ஏட்டிலெழுதிக் கழித்துக்கொள்ள ஆசிரியர்க்கு உரிமை அளித்தல் வேண்டும். இவ்வொரு விதியை மாற்றினால் விளையும் நன்மை, பத்து விழாக்களால் விளையாது.

விழாக்கள் என்றவுடன் மற்றொன்று நினைவிற்கு வருகின்றது. வாசிப்பை வளர்க்கின்றோம் என்று கட்டுரைப் போட்டியும் ஒப்புவித்தற் போட்டியும் வைத்துப் பரிசளிக்கின்றனர். பரிசு பெறுவோர் எப்போதும் அம்மூவரே. அவர் போட்டியின்றியும் படிப்பர். திக்கித் திக்கிப் படிக்கும் நான்காமவன் மேடையைக் கண்டு அஞ்சிப் புத்தகத்தையும் வெறுக்கின்றான். அவனுக்கு வேண்டுவது பரிசன்று. பக்கத்தில் அமர்ந்து படித்துக் காட்டும் ஒரு குரல். நாள்தோறும் கால்மணி நேரம், கேள்வி கேளாமல், பொருள் எழுதச் சொல்லாமல், ஆசிரியர் ஒரு கதையை உரக்கப் படிப்பாராயின், நாளை என்ன ஆயிற்று என்னும் ஆவலே அவனைப் புத்தகத்தண்டை இழுத்துச் செல்லும். கதையின் நடுவே மணியடித்துவிட்டால் பின்னும் நன்று!

அரசும் இத்துறையிற் கண் மூடியிருக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் 2023ஆம் ஆண்டில் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு சிறு கதைப் புத்தகங்களை அச்சிட்டது. படிப்போர் ஆற்றலுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக அவற்றைப் பகுத்த அறிவு பாராட்டத்தக்கது. ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் இதழ்களும் மாணவர்க்கென வெளிவந்தன. மதுரையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற் சிறுவர் பகுதி கண்ணைக் கவரும். மலையடிவாரத்தினின்று சில மணி நேரத்தில் அங்குச் சென்றுவிடலாம். ஆயின் பேருந்துக் கட்டணம் என்று ஒன்றுண்டு, அதனை ஈட்டுதற்கு இழக்கும் நாட்கூலி என்றும் ஒன்றுண்டு.

கைப்பேசி வந்தபின் புத்தகம் யார்க்கு வேண்டும் என்பாரும் உளர். கைப்பேசியை யாம் பழிக்கவில்லை, யாமும் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டிற்கு ஒன்றாயின், அது தந்தை வீடு திரும்பும் வரையிற் பிள்ளைக்குக் கிட்டாது. கிட்டியபின் அதில் அவன் காண்பது இன்னதென்று நாம் அறிவோம். மேலும், ஒன்பது வயதுக் குழந்தை முதன்முதல் ஒரு புத்தகத்தை இறுதிப் பக்கம்வரை தானே படித்து முடித்து மூடும்போது அதன் முகத்திலே தோன்றுகின்ற செருக்கு, திரையைத் தள்ளிக்கொண்டே போவதில் தோன்றுவதில்லை. திரைக்கு இறுதிப் பக்கம் இல்லையன்றோ.

இனி நாம் செய்யத்தக்கதைக் கூறுவோம். நம் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் கொடைக்கானலுக்கு உலாப் போகின்றனர். அவருட் பலர் வட்டக்கானல் வரை நடந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அவ்வாறு போவோர் ஒரு பெட்டியையும் சுமந்து கீழிறங்கினால் என்ன? அறுபது மெல்லிய நூல்கள் கொண்ட பெட்டியை இருவர் மாறி மாறிச் சுமக்கலாம். அடுத்த பருவத்திற் செல்வோர் அதனை மீட்டு வேறொன்றை வைத்து வருவர். பெட்டியை ஊரில் யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஊராரே சொல்லட்டும். ஆசிரியராயினும் கடைக்காரராயினும் மாலையில் வீட்டிலிருக்கும் ஒரு பாட்டியாயினும் ஒக்கும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாதாயின் பேரன் ஏடெழுதுவான். செல்வோர் ஊரெல்லையிற் காலணியைக் கழற்றுதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கொடை கொடுக்கச் செல்பவர் போலன்றி விருந்தினர் போலச் செல்லுதல் முறை.

பெட்டியில் இடத்தகாதன சில உண்டு. வீட்டில் இடத்தை அடைக்கின்றன என்று கழிக்கும் தேர்வு வழிகாட்டிகள், ஆண்டு கழிந்த நாட்குறிப்புகள், நீதி போதனை மட்டுமே நிரம்பிய தடித்த தொகுப்புகள் ஆகியவற்றை அன்பர்கள் அருள்கூர்ந்து தம்மிடமே வைத்துக்கொள்வாராக. மலையூர்ப் பிள்ளைக்கும் நகைக்கத் தெரியும். படமுள்ள கதைகள், விலங்குகளையும் பறவைகளையும் பற்றிய நூல்கள், புதிர்கள், அழ. வள்ளியப்பா போன்றாரின் குழந்தைப் பாடல்கள் ஆகியன முதலில் வேண்டும். நம் முன்னோரான மிஷன் ஊழியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழிற் சிறுவர்க்கென இதழ்கள் நடத்தினர். அவ்விதழ்களின் உள்ளுறையை இன்று நாம் பின்பற்றவேண்டுவதில்லை; சிறுவர்க்கென்று தனியே அச்சிடத் தகும் என்று அவர் கருதிய கருத்தே நமக்கு வேண்டுவது.

பெட்டியின் அடியில் எழுதாத வெள்ளேடுகள் பத்தும் எழுதுகோல்கள் சிலவும் வைத்தல் வேண்டும். கெண்டக்கிப் பெண்டிர் செய்த ஒட்டுப் புத்தகத்தை நாம் நம் முறையிற் செய்யலாம். கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது தமிழ் மாணவர்க்குப் பழகிய தொழில் அன்றோ? ஊரிற் காலணி அணியாமை எவ்வாறு வந்தது, எந்தக் குதிரை எந்த வளைவிலே மிரண்டது, காட்டெருமை தோட்டத்திற் புகுந்த இரவில் நிகழ்ந்தது யாது என்பனவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பிள்ளைகளே எழுதுக. அவ்வேடு அடுத்த பெட்டியில் வேறொரு மலையூர்க்குச் செல்லட்டும். அவ்வூர் ஏடு வெள்ளகவிக்கு வரட்டும். சென்னையில் அச்சான கதையிலே கடலும் கார்களும் வரும்; தன் ஊர்ப் பெயரை எழுத்திற் காணாத பிள்ளை, புத்தகம் என்பது பிறர் உடைமை என்றே எண்ணும்.

மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பமும் எழுத எண்ணியுள்ளோம். நாம் கேட்பது கட்டடம் அன்று. பருவந்தோறும் மாற்றத்தக்க நூல்களும், அவற்றைச் சுமந்து செல்வார்க்குக் கூலியுமே. சுமை தூக்கும் தொழிலாளர்க்கு அந்நாளைய கூலியை நிதியினின்று கொடுப்பின் மாணவர் செல்லாத பருவத்திலும் பெட்டி நில்லாது. விண்ணப்பத்தில் ஒப்பமிட விரும்பும் பழைய மாணவர், சிறப்பாகத் திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் ஆசிரியப் பணி புரிவோர், தமிழ்த்துறை அறையில் வைத்துள்ள தாளிற் பெயர் பதிப்பாராக. நூல் தர விரும்புவோரும் அங்கேயே தரலாம். இம்மாத முடிவிற்குள் முப்பது நூல்கள் சேர்ந்துவிட்டன. பெட்டி செய்யத் தச்சரிடம் சொல்லியாயிற்று. மழை நீர் புகாதவாறு உள்ளே தகரம் அடிக்கவும், இருபுறமும் கயிறு கோக்க வளையம் வைக்கவும் கூறியுள்ளோம்.