தோட்டத்து ஓடைக்கரையில் இரண்டு நாள்

பொங்கல் கழிந்து பரீட்சைக் கவலை ஆரம்பிப்பதற்கு முன், இரண்டு நாள் எங்காவது போய் வரலாம் என்ற பேச்சு பல வீடுகளில் எழும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் அறை வாடகையே கையைக் கடித்துவிடும். "பெரியப்பா தோட்டம் சும்மாதானே கிடக்கு? பக்கத்துலயே ஓடை ஓடுது. கூடாரம் போட்டுத் தங்கிட்டு வந்தா என்ன?" என்று யாராவது தொடங்கி வைப்பார். குழந்தைகள் அப்போதே மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.

நல்ல யோசனைதான், சகோதரிகளே! கோவை, தேனி, தென்காசிப் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களை ஒட்டிச் சிற்றோடைகள் பல ஓடுகின்றன. கூட்டம் இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் கதவும் தாழ்ப்பாளும் அங்கே கிடையாது. அந்தக் காவலை நாம்தான் கையோடு கொண்டுபோக வேண்டும்.

முதலில் தோட்டக்காரரைக் கேளுங்கள்

சொந்தக்காரர் தோட்டமானாலும் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு போவதுதான் மரியாதை. அதைவிட முக்கியம், அங்கேயே குடியிருக்கும் தோட்டக்காரரையோ அவர் மனைவியையோ உட்கார வைத்துப் பேசுவது. "ஆனை, பன்னி வருமாங்க? மழை பெஞ்சா தண்ணி எதுவரைக்கும் ஏறும்? எங்கெங்க பள்ளம்?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் கூடாரத்தைப் பிரிக்காதீர்கள்.

"ஆனை வரும்" என்று சொன்னால் அங்கே வெளியில் படுக்கவே வேண்டாம். பகலில் இருந்துவிட்டு இரவு கட்டிடத்துக்குள் வந்துவிடுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், தனியார் இடத்தில் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண் யானை தாக்கி உயிரிழந்தார். பட்டா நிலம், காட்டு நிலம் என்ற பேதம் யானைக்குத் தெரியாது.

எந்த மாதம், எந்த இடம்?

ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், பல ஓடைகளில் தண்ணீரும் மிச்சமிருக்கும். இரவில் குளிரும், குழந்தைகளுக்குக் குல்லாயும் கம்பளியும் வேண்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் ஓடைக்கரைத் தங்கலை நினைக்கவே வேண்டாம்.

கோடை விடுமுறையில் போகலாமே என்பீர்கள். இடிமழை திடீரென்று வரும் காலம் அது. நம் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மழை கொட்டித் தண்ணீர் புரண்டு வந்துவிடும். 2024 மே 17-ஆம் தேதி குற்றாலம் பழைய அருவியில் அப்படித்தான் வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

கூடாரம் போடும் முன் கரையிலுள்ள செடிகளையும் வேர்களையும் கவனியுங்கள். காய்ந்த சருகும் குப்பையும் ஓர் உயரத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நன்றாக மேலே மேட்டில்தான் படுக்கை. மணல்திட்டு மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே படுக்கக்கூடாது. தென்னை மரத்தடியும் ஆகாது. ஒரு மட்டையோ, தேங்காயோ விழுந்தால் போதும்!

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பாத்திரம் பண்டத்தைப் பார்க்காதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள்.

குழந்தையும் தண்ணீரும்

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்திக் கூப்பிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் குப்புற விழுந்தாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆபத்துதான்.

கூட்டமாகப் போகும்போது இன்னொரு கஷ்டம் உண்டு. "நீங்க பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்று அத்தையும், "அம்மா இருக்காங்களேன்னு நினைச்சேன்" என்று சித்தப்பாவும் சொல்வார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி, சிவப்புத் துண்டு. துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவருக்குத்தான் காவல். அரை மணிக்கு ஒருவர். அந்த நேரத்தில் சீட்டாட்டம் இல்லை, செல்போன் இல்லை, வெங்காயம் நறுக்குவதும் இல்லை. மாற்றும்போது, "இந்தாங்க, இனிமே நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லித் துண்டைக் கொடுக்க வேண்டும். சின்னக் குழந்தையாக இருந்தால் காவல்காரர் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகளைத் தடுப்பணைப் பக்கமும், மணல் அள்ளிய குழிப் பக்கமும் விடாதீர்கள். மேலே பார்க்க அமைதியாக இருக்கும், ஓர் அடி தள்ளினால் ஆளை முழுங்கும் ஆழம். 2022 ஜூன் 5-ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் ஒரே நாளில் மாண்டுபோனார்கள்.

இப்படிப்பட்ட விபத்துகளில், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போய்விடுவதுண்டு. நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. கரையில் படுத்துக்கொண்டு புடவையின் ஒரு நுனியை வீசுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கிறது, நல்ல கயிறு! மூடிய காலி பிளாஸ்டிக் கேனை எறிந்தால் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். தூக்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இந்த முதலுதவியை வீட்டில் ஒருவராவது கற்று வைத்திருப்பது நல்லது.

ராத்திரிப் படுக்கை

தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். அடித்துணி சேர்த்துத் தைத்து, ஜிப் வைத்து மூடும் கூடாரமாக இருக்கட்டும். இல்லையென்றால் கயிற்றுக் கட்டிலும், ஓரம் உள்ளே செருகிய கொசுவலையும் போதும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். அது கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் குழந்தை, "வயித்தை வலிக்குதும்மா" என்று எழுந்து, கண் இமை சொருகி, பேச்சுக் குழறினால் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, தைரியம் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போக அவசியமில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்தும் அது தயாராகிறது. எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, எவ்வளவு தூரம் என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

குளிருகிறதே என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. அந்தப் புகைக்கு வாசனைகூட இல்லாமல் இருக்கலாம். தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அம்மாவுக்கும் விடுமுறை

எல்லாரும் ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் மூன்று கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் விடுமுறையா? முதல் நாளுக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே வரட்டும். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் கெட்டுப்போகும், தவிர்த்துவிடுங்கள். மறுநாள் ஒருவேளைக்கு அரிசியும் பருப்பும் கலந்து வைத்திருந்தால் கிச்சடி ஆயிற்று. அடுப்பு மூட்டுவது, பாத்திரம் துலக்குவது யார் யார் என்று புறப்படும்போதே பிரித்துவிடுங்கள். "உங்க பங்கு இதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் வீட்டுக்காரர் மறுக்கமாட்டார்!

ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் குடிக்கும் முன் தளதளவென்று கொதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவுப்படி கரையுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மலஜலத்துக்கு ஓடையிலிருந்து குறைந்தது 70 தப்படி தள்ளிப் போங்கள், அரை அடிக் குழி தோண்டி மூடுங்கள். சோப்பும் ஷாம்பூவும் ஓடைக்குள் வேண்டாம். நாப்கின், குழந்தையின் டயப்பர் எல்லாம் பையில் கட்டி ஊருக்கே திரும்பட்டும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இன்னொரு தாய் தன் பிள்ளைக்கு மொள்ளுவாள்.

வீடு திரும்பிய பின்

அன்றே குழந்தைகளை வெந்நீரில் குளிப்பாட்டி, துணிகளை நனைத்துப் போடுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காது மடல் பின்புறம் எல்லாம் பாருங்கள். புதரிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்ற ஜுரம் வருவதுண்டு. சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அதுவே அடையாளம், ஆனால் எல்லாருக்கும் இருக்காது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண் வழியே போனால் எலிக்காய்ச்சல் வரலாம். இரண்டுமே சில நாள் கழித்து, சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். காலத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால் ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாருக்கு ஜுரம் வந்தாலும் டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "டாக்டர், நாங்க ஓடைக்கரையில தங்கிட்டு வந்தோம்." அந்த ஒரு வரி அவருக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.