திறப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய கதை



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, ஊரில் சங்கங்களையும் பள்ளிவாசல்களையும் பொறுப்பெடுத்து நடத்தும் சகோதர சகோதரிகளே,

இந்தத் தவணை முன்னேற்ற அறிக்கை ஏன் இரண்டு கிழமை பிந்தியது என்று பலர் கேட்டீர்கள். "கொம்பியூட்டர் பழுது" என்று சொல்லிச் சமாளித்தோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் பிழை. அதை மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம். எங்களுக்கு நடந்தது நாளை உங்கள் ஜனாஸா சங்கத்துக்கோ, மத்ரஸாவுக்கோ, உங்கள் வீட்டு லெப்டொப்புக்கோ நடக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக லெப்டொப் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். உள்ளே மூன்று வருடப் பரீட்சைப் புள்ளிகள், மாணவர் விபரங்கள், அபிவிருத்திச் சங்கக் கணக்கு எல்லாம் இருந்தன. கடையில் காட்டினோம். உள்ளிருந்த எஸ்எஸ்டி செத்துவிட்டது என்றார்கள்.

நாங்கள் பதறவில்லை. எங்களிடம் பெக்கப் இருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் 1 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றில், ஒரு மென்பொருள் மூலம் முழு லெப்டொப்பையும் அப்படியே பிரதி எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவோம். ஊரில் இப்படிச் செய்யும் ஒரே அலுவலகம் நாங்கள்தான் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெருமை அன்று பின்னேரத்தோடு முடிந்தது. அந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாக, தன் சொந்த வடிவத்தில் சேமித்திருந்தது. அதைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். மென்பொருளோ செத்துப்போன லெப்டொப்புக்குள். மேலதிகத் திறப்பை அலுமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய நிலைதான்.

உண்மையில் அப்போதும் வழி இருந்தது. வேறொரு லெப்டொப்பில் அதே மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்புகளை எடுத்திருக்கலாம். அவசரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. மாறாக ஒரு வீடியோவைப் பார்த்து, விண்டோஸில் இருக்கும் "ரிகவரி டிரைவ்" உருவாக்கும் வசதியை இன்னொரு லெப்டொப்பில் திறந்தோம். எந்த டிரைவில் உருவாக்குவது என்று கேட்டது. செருகியிருந்தது பெக்கப் டிஸ்க் ஒன்றுதான். அதையே தெரிவு செய்தோம். "இந்த டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்" என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. வாசிக்காமல் "நெக்ஸ்ட்" அழுத்தினோம்.

முடிந்த பிறகு பார்த்தால், 1 டெராபைட் டிஸ்க் 32 ஜிபி என்று காட்டியது. மூன்று வருட உழைப்பு இருந்த இடத்தில் விண்டோஸின் மீட்புக் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

யார் அழுத்தியது என்று கேட்காதீர்கள். அந்த மேசையைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும்தான். விடுமுறையில் கடதாசிப் புள்ளித் தாள்களையும் வரவு இடாப்புகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிந்தோம். பல பெற்றோர் பழைய அறிக்கைகளைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனாலும் சில பிள்ளைகளின் சில தவணைப் புள்ளிகள் கிடைக்கவேயில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள்.

இதிலிருந்து நாங்கள் வந்திருக்கும் முடிவு ஒன்றுதான். பெக்கப் எடுப்பது பாதி வேலை. அந்த பெக்கப்பிலிருந்து திரும்பி வரும் வழியைத் தயாராக வைத்திருப்பது மறுபாதி. அந்த வழியின் பெயர்தான் பூட்டபிள் மீட்பு டிரைவ். லெப்டொப்புக்குள் இருக்கும் விண்டோஸ் செத்தாலும், டிஸ்க்கே செத்தாலும், வெளியிலிருந்து செருகிக் கணினியை எழுப்பக்கூடிய ஒரு பென் டிரைவ். வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்: பூட்டபிள் என்றால் பூட்டுவது அல்ல, திறப்பது.

புதிய எஸ்எஸ்டி ஒன்று, மீட்பு பென் டிரைவ், பெக்கப் டிஸ்க். இந்த மூன்றும் அன்று மேசையில் இருந்திருந்தால் எல்லாம் ஒரு பின்னேர வேலையாக முடிந்திருக்கும்.

இது நம்மைப் போன்ற சிறியவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகமெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் திண்டாடின. அந்தக் கணினிகளில் இருந்த தரவு எதுவும் அழியவில்லை. உள்ளே போகும் வாசல்தான் அடைபட்டது. ஒரு கோப்பை அழித்தால் சரியாகிவிடும், ஆனால் அதை அழிக்கக் கணினி எழும்ப வேண்டுமே! பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கணினியிடமும் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. அதற்காக மைக்ரோசொப்ட் அவசரமாக வெளியிட்டது என்ன தெரியுமா? பூட்டபிள் யூஎஸ்பி உருவாக்கும் ஒரு கருவி.

நமது நாட்டிலும் பாடம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பு ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்த இடைப்பட்ட காலத்துக்கு மீட்டெடுக்கப் பெக்கப் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் நமது சங்கங்களின் நிலை என்ன?

ஊரில் நாம் அடிக்கடி கேட்கும் மூன்று சமாதானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலாவது, "எல்லாம் டி டிரைவில் இருக்கு, பயமில்லை." பெரும்பாலான லெப்டொப்களில் சி, டி என்பது ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்த பங்குகள்தான். ஒரே வீட்டின் இரண்டு அறைகள் போல. வீடு எரிந்தால் இரண்டு அறையும் எரியும்.

இரண்டாவது, "கடையில் குடுத்தா போமட் அடிச்சுத் தருவாங்க." தருவார்கள். புதிய விண்டோஸ் வரும், லெப்டொப் ஓடும். ஆனால் போமட் என்பது மருந்தல்ல. முதலில் தரவை வெளியே எடுக்கலாமா என்று பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும். நமக்கு அதைக் கேட்கத் தெரியாததால் கடைக்காரரும் இலேசான வழியைச் செய்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, "கூகுள் டிரைவில் போட்டிருக்கோம்." நல்லது, தொடருங்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே இருப்பது நாம் நினைத்துப் போட்ட சில கோப்புகள் மட்டும்தான். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இனி, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். செலவு ஒரு பென் டிரைவ் விலை.

16 ஜிபிக்குக் குறையாத, முடிந்தால் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வாங்குங்கள். அதில் வேறு எதுவும் வைக்க வேண்டாம். லெப்டொப் நல்ல நிலையில் ஓடும்போதே, தேடும் இடத்தில் "ரிகவரி டிரைவ்" என்று ஆங்கிலத்தில் தட்டி அந்த வசதியைத் திறவுங்கள். கணினியின் கோப்புகளையும் சேர்ப்பதா என்று கேட்கும் பெட்டியில் சரி அடையாளம் இருக்கட்டும். தொடங்குவதற்கு முன் வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். நாங்கள் விழுந்த குழி அதுதான். மீட்பு டிரைவ் உருவாக்கும்போது தெரிவு செய்யும் டிரைவ் முழுமையாக அழிக்கப்படும்.

இந்த பென் டிரைவில் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். அது விண்டோஸைத் திருப்பித் தரும், புள்ளிகளைத் திருப்பித் தராது. ஆகவே பெக்கப் டிஸ்க்கும் வேண்டும், இதுவும் வேண்டும். எங்களைப் போல முழுப் பிரதி எடுக்கும் மென்பொருள் பயன்படுத்துபவர்கள், அந்த மென்பொருளே உருவாக்கித் தரும் மீட்பு டிரைவையும் எடுத்து வைக்க வேண்டும். அதன் பிரதியைத் திருப்பி ஏற்றத் தெரிந்தது அது மட்டும்தான். பெரும்பாலான பெக்கப் மென்பொருட்களில் அந்த வசதி உண்டு. குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள் தொடக்கத்திலிருந்தே பூட்டபிள் டிரைவிலிருந்துதான் இயங்குகிறது.

"பென் டிரைவ் தொலைந்து போகும், பெக்கப் டிஸ்க்கிலேயே வைத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் டிஸ்க் வெறுமையாக, புதிதாக இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். முதலில் 32 ஜிபி அளவில் ஃபெட்32 வடிவத்தில் ஒரு சிறு பங்கு, மீதியை என்டிஎஃப்எஸ் வடிவத்தில் பெக்கப்புக்கு என்று பிரித்து, பென் டிரைவில் உருவாக்கிய மீட்புக் கோப்புகளைச் சிறிய பங்கில் பிரதி பண்ண வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பெக்கப் நிறைந்த டிஸ்க்கில் ஒருபோதும் இந்தச் சோதனை வேண்டாம். சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் எங்கள் கருத்து தனிப் பென் டிரைவ்தான். டிஸ்க் ஒன்று கீழே விழுந்தால் பெக்கப்பும் திறப்பும் ஒன்றாகப் போய்விடக் கூடாது.

அடுத்தது சோதித்துப் பார்ப்பது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. பென் டிரைவைச் செருகி, லெப்டொப்பை மீண்டும் இயக்கும்போது பூட் மெனுவைத் திறவுங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப்9. அசுஸ் லெப்டொப் என்றால் எஸ்கேப். பென் டிரைவைத் தெரிவு செய்ததும் விசைப்பலகை மொழி கேட்கும் நீலத் திரை வந்தால் போதும், திறப்பு வேலை செய்கிறது. அதற்கு மேல் ஒன்றும் அழுத்தாமல் நிறுத்திக் கழற்றி விடுங்கள்.

இன்னொன்று, பிட்லொக்கர். இப்போது வரும் பல லெப்டொப்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. மீட்பு டிரைவால் எழுப்பி உள்ளே போகப் பார்த்தால் 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். அது பெரும்பாலும், லெப்டொப்பை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அவர் இடமாற்றம் பெற்று எத்தனை வருடமோ! இன்றே அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கடதாசியில் எழுதி, பென் டிரைவோடு ஓர் உறையில் வையுங்கள். உறை லெப்டொப் பையில் அல்ல, வேறிடத்தில் இருக்கட்டும்.

இடமாற்றத்தின்போது அலுமாரித் திறப்பையும் பொருட்பதிவேட்டையும் கையொப்பமிட்டு ஒப்படைக்கிறோம். கணினியின் திறப்பை மட்டும் ஏன் ஒப்படைப்பதில்லை? அந்த உறையும் ஒப்படைக்கும் பட்டியலில் ஒரு வரியாக ஏற வேண்டும். பாடசாலைகளிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் இதை வழக்கமாக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். குறைந்தது இரண்டு பேருக்கு அந்த உறை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். பெக்கப் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி விட வேண்டும். செருகியபடியே இருந்தால் ரென்சம்வெயார் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். முடிந்தால் ஒரு பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். கரையோர ஊர்களில் 2004 சுனாமிக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. மனிதர்களுக்கிடையிலான பதிவுக்கு மார்க்கம் கொடுத்த இடம் அது. ஸகாத் பெறுவோர் பட்டியல், ஜனாஸா சங்கச் சந்தா, அநாதைப் பிள்ளைகளின் உதவிக் கணக்கு, ஒரு பிள்ளையின் புள்ளி, இவை எல்லாம் அமானிதம். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவதா என்று கேட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில் நம் குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எதிர்வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் ளுஹர் வரை பாடசாலைக் கணினி அறையில் இருப்போம். லெப்டொப், சார்ஜர், வெறுமையான பென் டிரைவ் ஒன்றோடு வாருங்கள். சங்கங்கள், பள்ளிவாசல்கள், வீட்டில் படிக்கும் பிள்ளைகள், யாராக இருந்தாலும் வரலாம். மீட்பு டிரைவ் உருவாக்கி, சோதித்து, உறையில் போட்டுத் தருவோம். பணம் வேண்டாம். பெக்கப் டிஸ்க்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவரதும் அமானிதங்களைப் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.