சாம்பலுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை

கடந்த 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அது வெடித்ததாக அதற்கு முன் பதிவே இல்லை. செங்கடலைத் தாண்டி ஏமன், ஓமன் வழியாக வந்த சாம்பல் மேகம் மறுநாள் இரவே தில்லி வானை எட்டியது. நம் விமான நிறுவனங்கள் சில பயணங்களை ரத்து செய்தன. இரண்டொரு நாளில் சாம்பல் கிழக்கே நகர்ந்தது, நாமும் மறந்துவிட்டோம்.

எனக்கு மட்டும் பழைய வகுப்பறை ஒன்று நினைவுக்கு வந்தது. பொது நிதியியல் பாடத்தில் பொதுப்பண்டம் என்றால் என்ன என்பதை விளக்கக் கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வது ஆசிரியர்களின் வழக்கம். கட்டணம் செலுத்திய கப்பலுக்கும் செலுத்தாத கப்பலுக்கும் அது ஒரே ஒளியைத்தான் தருகிறது. ஆகவே எவரும் தாமாகப் பணம் தர முன்வர மாட்டார்கள்; அரசுதான் வரி வாங்கிக் கட்ட வேண்டும். ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: 'எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் விளக்கம் தேவைப்பட்டால் யார் கட்டுவார்கள், ஐயா?' அன்று நான் அளித்த பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை.

எரிமலைகளைப் பற்றிய அறிவு அத்தகைய நடுக்கடல் விளக்கம். கடலடி எரிமலைகளை விடுத்து, செயல்படும் வாய்ப்புள்ள எரிமலைகள் உலகில் ஏறத்தாழ 1,350 உள்ளன. அவற்றில் பல, நில அதிர்வுமானி ஒன்றை வாங்கிப் பராமரிக்கவே திணறும் நாடுகளில் இருக்கின்றன. ஆனால், அவற்றின் சாம்பலுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலை ஒன்று வெடித்தபோது, விமான நிறுவனங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 170 கோடி டாலர் வருவாய் இழப்பு என அவற்றின் பன்னாட்டுக் கூட்டமைப்பு மதிப்பிட்டது.

உலகுக்கென வரி வாங்கும் அரசு இல்லாத அந்த வெற்றிடத்தில் நூறாண்டுகளாக இயங்கி வருகிறது எரிமலையியல், புவி உள்ளக வேதியியல் பன்னாட்டுச் சங்கம். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-இல் உருவான பன்னாட்டுப் புவி அளவையியல், புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஒரு பிரிவாக அது பிறந்தது. 1924-இல் தனக்கென ஆய்விதழைத் தொடங்கியது. 1951 முதல் உலகின் எரிமலைகளைப் பகுதிவாரியாகப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1981-இல் பல நாட்டு எரிமலைக் கண்காணிப்பகங்களை ஒரே குடையின்கீழ் இணைத்தது. எந்த அரசுக்கும் ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. நம்பகத்தன்மை ஒன்றே அதன் மூலதனம்.

அந்த மூலதனத்தின் மதிப்பை உணர இரண்டு நிகழ்வுகள் போதும். 1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, உச்சியிலிருந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாகப் பாய்ந்தது. அர்மேரோ என்ற ஊர் புதையுண்டது. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். அந்த ஊர் ஆபத்துப் பாதையில் இருப்பதைக் காட்டும் வரைபடம் முந்தைய மாதமே வெளியாகியிருந்தது. அறிவு இருந்தது, அது வீடுவரை போய்ச் சேரவில்லை.

இந்தப் பாடத்துக்குப் பிறகு, எரிமலை ஆபத்துகளைப் பாமரரும் புரிந்துகொள்ளும்படி ஒரு காணொளியைச் சங்கத்துக்காகத் தயாரித்து வந்தனர் பிரான்ஸைச் சேர்ந்த மோரிஸ் - காத்யா கிராஃப்ட் தம்பதியர். அதன் முதற்கட்டப் படி 1991-இல் பிலிப்பின்ஸின் பினாதுபோ எரிமலைப் பகுதியில் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் காட்டப்பட்டது. ஜூன் 15 அன்று பினாதுபோ பெருவெடிப்பு நிகழ்ந்தபோது பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தனர். முன்னெச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிர்களும் 25 கோடி டாலர் மதிப்புள்ள உடைமைகளும் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்க, பிலிப்பின்ஸ் அறிவியலாளர்கள் மதிப்பிட்டனர். ஆனால், அதைக் காண கிராஃப்ட் தம்பதியர் உயிருடன் இல்லை. ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் உயிரிழந்த 43 பேரில் அவர்களும் இருந்தனர்.

இரண்டாண்டுகள் கழிய, 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை குறித்த பன்னாட்டுப் பயிலரங்குக்கு வந்தவர்களில் ஆறு அறிவியலாளர்கள், உடனிருந்த சுற்றுலாப் பயணிகள் மூவருடன், பள்ளத்தின் அருகே வெடிப்பில் சிக்கி இறந்தனர். அதன் பிறகே ஆய்வாளர்களுக்கான பாதுகாப்புப் பரிந்துரைகளைச் சங்கம் வெளியிட்டது.

எச்சரிக்கை பொய்த்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. 1976-இல் கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் 70,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் தவித்தனர். எதிர்பார்த்த பெருவெடிப்போ நிகழவில்லை. ஹாரூன் தாசியேஃப், குளோத் அலேக்ர் ஆகிய இரு முன்னணி அறிவியலாளர்கள் பொதுவெளியில் மோதிக்கொண்டது மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது. இத்தகைய அனுபவங்களின் விளைவாக, நெருக்கடிக் காலத்தில் அறிவியலாளர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை குறித்து 1999-இல் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மக்களிடம் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று.

இதில் எனக்குச் சிறு தயக்கமும் உண்டு. ஒரே குரல் என்பது மாற்றுக் கருத்தை அமுக்கும் கருவியாகிவிடக் கூடாது. விவாதம் அறைக்குள் முழுமையாக நடக்க வேண்டும். வெளியே சொல்லும்போது எவ்வளவு உறுதி, எவ்வளவு ஐயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருளியல் நோக்கில் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். பொய்த்த எச்சரிக்கையின் செலவு கணக்கேட்டில் தெரிகிறது; தவிர்க்கப்பட்ட இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. நடக்காத பேரிடருக்காக எந்த ஆட்சியாளரும் வாக்குப் பெற்றதில்லை. ஆகவேதான் கண்காணிப்புக்கான நிதி முதலில் வெட்டப்படுகிறது.

'நமக்கு இருப்பது அந்தமானில் மனிதர் வாழாத பாரன் தீவு எரிமலை ஒன்றுதானே, நாம் ஏன் செலவிட வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கிய அந்த எரிமலையே 1991-இல் விழித்துக்கொண்டது என்பது ஒருபுறமிருக்கட்டும். அஃபாரின் சாம்பல் தில்லிக்கு வந்த அன்றே அந்தக் கேள்வி காலாவதியாகிவிட்டது.

பன்னாட்டு விமானப் பயணம் ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய தொகையை ஒதுக்கி, கண்காணிப்பற்ற எரிமலைகளில் கருவிகள் நிறுவ ஒரு பொது நிதியை உருவாக்கலாம். பயனடைவோர் செலவையும் பகிர்வதே பொது நிதியியலின் பழைய நெறி. செயற்கைக்கோள் திறன் பெற்ற இந்தியா, தன் தரவுகளையும் பயிற்சியையும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வழங்கலாம். கருவியோடு, அதை இயக்கவும் தரவைப் படிக்கவும் உள்ளூர் இளைஞர்களைப் பழக்க வேண்டும். தரவு அங்கிருந்து போய், ஆய்வுக் கட்டுரை வேறெங்கோ எழுதப்படும் நிலை நீடித்தால் உள்ளூரில் நம்பிக்கை வளராது.

அந்த மாணவருக்கு இன்று என்னால் பதில் சொல்ல முடியும். நடுக்கடலில் விளக்கை முதலில் ஏற்றுபவர்கள், சில நேரம் உயிரையே விலையாகக் கொடுத்த அறிவியலாளர்கள். அது அணையாமல் எரிவதற்கான எண்ணெய்ச் செலவை, அந்த ஒளியில் பயணம் செய்யும் நாம்தான் ஏற்க வேண்டும்.