காலதரும் மடக்குக் கதவும்

காலதர் என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு சிறு வியப்பு தோன்றுவதைக் கண்டிருக்கிறோம். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று நுழையும் வழியே காலதர். சிலப்பதிகாரம் மானின் கண்ணைப்போல் அமைந்த காலதர்களைப் பற்றிப் பேசுகிறது. பலகணி என்றால் பல கண்களை உடையது. இவ்விரண்டையும் நிகண்டுகளுக்கு ஒப்படைத்துவிட்டுப் போர்ச்சுகீசியர் வழிவந்த ஜன்னலை நாம் வைத்துக்கொண்டோம். அதில் நமக்குப் பெரிய வருத்தமில்லை. ஜன்னலும் இன்று தமிழ்ச்சொல்தான். ஆனால் சொல்லோடு சேர்த்துக் காற்றையும் அனுப்பிவிட்டோமே என்பதுதான் நம் குறை.

இதைக் கோவையிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்னும் அந்த வாயில் வழியாகத்தான் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாய் நிற்பது அதனால்தான். இத்தகைய காற்றை வாசலிலேயே பெற்றிருக்கும் ஊர்க்காரர்கள், வீடு கட்டும்போது அலுமினியச் சட்டத்தில் இரண்டு கண்ணாடிகளைப் பக்கவாட்டில் தள்ளும் ஜன்னலை விரும்பி வைக்கிறார்கள். இரண்டு தடங்கள் கொண்ட அந்த ஜன்னலை எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். நான்கடி ஜன்னலுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டடி காற்றை வாங்குகிறோம்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் இந்த ஏமாற்றம் இல்லை. கம்பி வெளிப்பக்கம், கதவு உட்பக்கம். கதவும் நான்கு துண்டாக இருக்கும்: மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி. பகலில் கீழ்ச்சோடியைச் சாத்தி மேல்சோடியைத் திறந்து வைப்பார்கள். தெருவில் போகிறவர் பார்வை உள்ளே வராது, காற்று வரும். காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் அப்படியொரு வீட்டில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் நம் தாயார். இப்போது அவருக்கு வயது 78. நம்மோடு கோவையில், மேற்குப் பார்த்த அறையில் இருக்கிறார்.

அந்த அறை ஜன்னலின் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை, கம்பி உட்பக்கம். நம் காலத்து வீடுகளில் பெரும்பாலும் இதுவே வழக்கம். இதனால் விளைவது என்னவென்றால், கதவைச் சாத்த வேண்டுமானால் கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்து, வெளியே காற்றில் அடித்துக்கொண்டிருக்கும் கதவை எட்டிப் பிடித்து, கொண்டியைக் கழற்றி இழுக்க வேண்டும். சென்ற ஆண்டு ஆடியில் அப்படி இழுக்கும்போது அம்மாவின் வளையல் கம்பியில் மாட்டிக்கொள்ள, கதவு வந்து விரல்களில் அறைந்தது. ஒரு விரலில் எலும்பு விரிசல். அன்றிலிருந்து அவர் ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டார். மாலை நான்கு மணிக்கு அறை அடுப்பாகக் கொதித்தது. மகன் உடனே ஏ.சி. என்றான். அம்மாவோ, “எனக்குக் காத்து வேணுங் கண்ணு, குளிரு வேண்டாம்” என்றார்.

உட்பக்கம் மடங்கும் கதவுகளைப் பற்றி நாம் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். நான்கு மெல்லிய பலகைகள். பக்கத்துக்கு இரண்டாகக் கீல் போட்டுச் சேர்த்தவை. ஓரத்துப் பலகை சுவரோரமாய் ஒரு முளையில் சுழலும். அடுத்த பலகையின் தலையில் ஓர் உருளை. அது மேலே பொருத்திய தடத்தில் ஓடும். உள்ளிருந்தே ஒரு விரலால் இழுத்தால் விசிறிபோல் மடங்கி இரு புறமும் ஒதுங்கிவிடும். திறப்பின் பெரும்பகுதி காற்றுக்குக் கிடைக்கும். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு வீடுகளில் ஜன்னலின் இரு புறமும் தடித்த சுவருக்குள்ளேயே மடக்குக் கதவுகள் ஒளிந்துகொள்ளும் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே குளிருக்கு, இங்கே வெயிலுக்கு.

நம் முதல் முயற்சி ஏறக்குறைய ஓர் உயிரைக் குடித்திருக்கும். கதவும் தடமும் சேர்த்து விற்ற கடையிலிருந்து வந்த ஆள் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் காலையில் தடம் பூச்சோடு பெயர்ந்து, இரண்டு பலகைகள் கட்டிலின் தலைமாட்டில் விழுந்தன. அம்மா அப்போது சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் முன்னால் விழுந்திருந்தால் என்று எண்ணும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

பிழை எங்கே என்பதை ஊரிலிருந்து வந்த ஆசாரி ஒரே பார்வையில் சொன்னார். “ஏனுங் வாத்தியாரே, சொவத்துப் பூச்சை நம்பிக் கதவைத் தொங்கவுட்ருக்கறாங்களே?” திருகாணிகள் அரை அங்குலப் பூச்சோடு நின்றுவிட்டன, உள்ளே இருக்கும் லிண்டல் கான்கிரீட்டைத் தொடவேயில்லை. கணக்கும் எளிதுதான். ஓரடி அகலம், நான்கடி உயரம், ஓர் அங்குலத் தடிப்புள்ள தேக்குப் பலகை ஏறத்தாழ 6 கிலோ வரும். நான்கும் சேர்ந்தால் 24 கிலோ. கீலில் ஆடும் பழைய கதவின் எடையைப் பக்கத்துச் சட்டமும் சுவருக்குள் பதித்த இரும்பும் தாங்கின. தடத்தில் ஓடும் கதவின் எடையில் பெரும்பங்கைத் தலைக்குமேல் இருப்பது தாங்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாதவரிடம் இவ்வேலையைக் கொடுக்கவே கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

ஆசாரி செய்தது இது. பூச்சை வெட்டி எடுத்து, கான்கிரீட்டில் துளையிட்டு, ஒரு தேக்கு ரீப்பரை ஆங்கர் போல்ட்டால் இறுக்கினார். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே அந்த ரீப்பரில் தடத்தைப் பூட்டினார். தடம் கொஞ்சம் சாய்ந்தாலும் கதவு தானாகவே தாழ்ந்த பக்கம் உருளும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்தார். மூன்றும் மூன்று விதம், அரை அங்குலம் வரை வேறுபாடு. மிகச் சிறிய அளவையே கொண்டு, ஓரங்களில் சிறிது இடைவெளியும் விட்டார். ஐப்பசி மழையில் மரம் ஊதும் என்பது அவர் கணக்கு. பக்கத்துக்கு மூன்று பலகை வைத்தால் சிறியதாக மடங்குமே என்று கேட்டோம். இரட்டைப்படையாகத்தான் வைக்க வேண்டும், மூன்றாவது பலகை தடத்தில் பிடிப்பின்றி வெறும் கதவாக ஆடும் என்றார்.

கீழே ஒரு வழிகாட்டித் தடமும் வைத்தார். அழகைக் கெடுக்கும், தூசி சேரும் என்று முதல் ஆள் அதைத் தவிர்த்திருந்தார். தூசி சேர்வது உண்மைதான். வாரம் ஒருமுறை பல்குச்சியால் கிளறி எடுக்கிறோம். ஆனால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உள்நோக்கித் தள்ளும்போது, மேலே மட்டும் பிடிப்புள்ள பலகை பாய்மரமாகிவிடும். கீழ்த்தடமும் நடுவில் மேலும் கீழுமாய் இரண்டு தாழ்ப்பாள்களும் இல்லாமல் கொங்கு நாட்டில் இக்கதவு நிற்காது. நடுவே சந்திக்கும் இரு விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று அமரும்படி இழைத்தும் கொடுத்தார். கூதிர்காலத்தில், வேனிலில் தென்றல் தந்த காலதரின் இரட்டைக் கதவுகளை இடைவெளியின்றிப் பொருந்தத் தாழிட்டு வைத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. அப்பகுதியைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். அந்தப் பொருத்தம் இழைப்புளியால் வருவது என்பது ஆசாரியின் அருகில் நின்ற அன்றைக்குத்தான் புரிந்தது.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஓரடிப் பலகை மடங்கி நிற்கும்போது பாதிக்கு மேல் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில், சட்டம் போக மீதமுள்ள இடத்துக்குள் அது ஒளிய முடியாது. கட்டிலை நகர்த்தினோம். பழைய வெளிக்கதவுகளைக் கழற்றி அங்கே கொசுவலைச் சட்டம் போட்டோம். மேலே சன்ஷேடு இருப்பதால் சாரல் அதிகம் வருவதில்லை. இதைவிடப் பெரிய குறையை அம்மா கண்டுபிடித்தார். “மேல்கதவெ மட்டும் தெறக்கறாப்பல இல்லீங்களா ஆசாரி?” என்றார். இல்லை. மேல்தடத்தில் தொங்கும் கதவு முழு உயரக் கதவாகத்தான் இருக்க முடியும். பலகைகளின் மேல்பாதியைச் சாய்சட்டங்களாக மாற்றி ஆசாரி ஓரளவு ஈடுசெய்தார். நான்கு துண்டுக் கதவின் நுட்பத்துக்கு அது இணையில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் படுக்கையிலிருந்து எழுந்து இரண்டடி நடந்தால், 78 வயதுக் கையொன்று கம்பிக்குள் நுழையாமல் தன் காற்றைத் தானே திறந்துகொள்ள முடிகிறது. ஏ.சி. பற்றிய பேச்சு வீட்டில் நின்றுவிட்டது.

நம் வருத்தமெல்லாம் இதைக் கட்டி முடித்த வீட்டில் உடைத்துச் செய்ய வேண்டியிருந்ததே என்பதுதான். லிண்டல் போடும்போதே அடிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையைப் பதித்து, ஜன்னல் சட்டத்தை வெளிவிளிம்புக்குத் தள்ளி நிறுத்தியிருந்தால் ஒரு போல்ட்டும் தேவைப்பட்டிராது. சரவணம்பட்டியில் வீடு கட்டும் நம் துறை நண்பர் ஒருவரிடம் சென்ற ஞாயிறன்று இதைச் சொன்னோம். தள்ளும் ஜன்னலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். லிண்டலுக்கு இன்னும் கம்பி கட்டவில்லை. மேற்குச் சுவரின் திறப்பை மட்டும் மூன்று இடத்தில் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.