நுவரெலியாப் பயணமும் பாதீட்டில் இல்லாத ஒரு செலவும்

பரீட்சை முடிந்தவுடன் மாணவர்கள் கூடுகிற இடத்தில் எழுகிற முதல் கேள்வி "ட்ரிப் எங்கே போவது?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். நுவரெலியா! பனையும் வெயிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பச்சை மலையும் மூடுபனியும் வேண்டியிருக்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை. இந்தத் தீவில் ஒரு நாள் முழுக்க வாகனத்தில் இருந்தபடியே ரசிக்கக்கூடிய பாதை எது என்று கேட்டால் நானும் கண்டி - நுவரெலியா வீதியைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பயணத்துக்கு நாங்கள் ஆயத்தமாகும் விதம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பாட்டுகள் தயார். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ரீசேர்ட் தயார். யார் யன்னல் பக்கம் இருப்பது என்ற சண்டைகூட ஒரு கிழமைக்கு முன்பே முடிந்துவிடும். வானை ஓட்டப்போகிறவர் எப்போது, எங்கே நித்திரை கொள்வார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் பாதையைப் பார்ப்போம். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. கண்டியிலிருந்து கணக்கிட்டால் 80 கிலோமீற்றருக்கும் குறைவு. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கம்பளைக்குப் பிறகுதான் வருகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம், நடுவில் வளைந்து வளைந்து போகும் வீதி. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் றம்பொடை நீர்வீழ்ச்சியை வீதியில் நின்றே பார்க்கலாம். அதற்கு மேலே போகப் போக எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான்.

80 கிலோமீற்றர் என்றதும் எங்கள் ஊர்க் கணக்கில் "ஒன்றரை மணித்தியாலம்" என்று சொல்லத் தோன்றும். ஏ9 வீதியின் நேர்கோட்டில் பழகிய கணக்கு அது. மலையில் அது செல்லாது. நிற்காமல் போனாலே இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். லொறி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் கூடும். ஆகவே ஆயத்தத்தின் முதல் விதி: தூரத்தைக் கணக்கிடாதீர்கள், நேரத்தைக் கணக்கிடுங்கள்.

சரி, இப்போது வழக்கமான ஒரு பயணத்தின் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வான் புறப்படும். கண்டிக்கு 320 கிலோமீற்றர். விடியற்காலையில் கண்டி. முகம் கழுவி, தேநீர் குடித்து, அப்படியே மலை ஏறுவோம். பகல் முழுக்க நுவரெலியா. மாலையில் இறங்கி இரவோடு இரவாக ஊர் திரும்புவோம். "ஒருநாள் ட்ரிப்" என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

நாங்கள் வானுக்குள் ஆளின் தோளில் ஆள் சாய்ந்து நித்திரை கொள்கிறோம். சாரதி அண்ணன்? அவர் முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழும்பியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வேறு ஒரு ஓட்டமும் ஓடியிருப்பார். மலை ஏறத் தொடங்கும்போது அவர் விழித்திருந்து 24 மணித்தியாலம் ஆகிவிட்டது. மாலையில் இறங்கும்போது 33, 34 மணித்தியாலம். ஒரு நாள் முழுக்க நித்திரையில்லாமல் இருப்பவரின் மூளை, இரத்தத்தில் 0.10 சதவீத மதுசாரம் இருப்பவரின் மூளையைப் போலத் தடுமாறும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.05 அல்லது 0.08 தான். குடித்திருக்கும் ஒருவர் ஓட்டும் வானில் எங்கள் அம்மா எங்களை ஏற விடுவாரா? நித்திரையில்லாதவர் ஓட்டும் வானில் மட்டும் பொங்கல் பொதியும் கட்டிக் கொடுத்து அனுப்பிவைக்கிறார்!

இது சும்மா பயமுறுத்தும் பேச்சு அல்ல. 2025 மே 11 அதிகாலையில் இதே வீதியில், றம்பொடைக்கு அருகே கெரண்டி எல்ல என்ற இடத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் அதனதன் காரணம் இருக்கும். ஆனால் இரண்டும் மலை வீதியில், இருட்டில் நடந்தவை. மலையில் சிறு தவறுக்கும் இடமில்லை. சமவெளியில் வீதியை விட்டு விலகினால் வயல். இங்கே விலகினால் பள்ளம்.

வணிகம் படிக்கிற எனக்கு இது ஒரு பாதீட்டுப் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. வான் வாடகை, எரிபொருள், சாப்பாடு, நுழைவுச் சீட்டு என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி ஆள் எண்ணிக்கையால் பிரிக்கிறோம். சாரதியின் ஓய்வு என்று ஒரு வரியே அதில் இல்லை. எழுதாமல் விட்டால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடுமா? கணக்கில் எழுதாத கடன் மாதிரி அது நிற்கும். எப்போது கேட்டு வரும் என்று தெரியாது, அவ்வளவுதான்.

உண்மையில் அது பெரிய தொகையும் அல்ல. கண்டியிலோ மாத்தளையிலோ சாதாரண அறை ஒன்று 7,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 14 பேர் போகிறார்கள் என்றால் தலைக்கு 500 ரூபா. ரீசேர்ட்டில் பெயர் அச்சடிக்கும் காசு! பகலில் புறப்பட்டு, இரவு சாரதி நன்றாக நித்திரை கொண்டு, அடுத்த நாள் காலையில் மலை ஏறினால் போதும்.

"மாணவர்களிடம் காசு ஏது? இரவில் ஓடினால் ஒரு நாள் மிச்சம், எங்களுக்கும் அறைக் காசு மிச்சம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். நியாயமான பேச்சுத்தான். எல்லோருக்கும் அறை எடுத்தால் செலவு இரட்டிப்பாகும். அதற்கும் வழி இருக்கிறது. கண்டியில் யாராவது ஒரு நண்பரின் வீட்டில் பாய் விரித்துப் படுக்கலாம். அல்லது இரண்டு சாரதிகளைக் கேட்கலாம். அதுவும் முடியாதென்றால் கண்டி வரை பஸ்ஸில் போய், அங்கே இரவு வீட்டில் படுத்தெழும்பிய ஒருவரின் வானைக் காலையில் பிடிக்கலாம். எதுவுமே முடியாதென்றால் அந்தத் தடவை கிட்டவான ஓர் இடத்துக்குப் போகலாம். நுவரெலியா எங்கேயும் ஓடிவிடாது.

அடுத்தது, இடங்களின் பட்டியல். பேராதனைப் பூங்கா, றம்பொடை, அனுமன் கோயில், தேயிலைத் தொழிற்சாலை, கிரகரி வாவி, சீதையம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா என்று ஒரே நாளில் ஏழு இடம் எழுதுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, ஆளை ஆள் தேடி, மறுபடி ஏறவே அரை மணித்தியாலம் போகும். கடைசியில் சாரதி வேகமாக ஓட்டித்தான் அந்தப் பட்டியலை நிறைவேற்ற வேண்டியிருக்கும். எங்கள் பாடத்தில் 'அமையச் செலவு' என்று ஒன்று வரும். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிற மற்றதுதான் அதன் விலை. ஏழு இடம் பார்ப்பதன் அமையச் செலவு, ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்காமல் விடுவது.

என்னுடைய திட்டம் இதுதான். காலை ஆறு மணிக்குக் கண்டியில் புறப்படுங்கள். புஸ்ஸல்லாவையில் ஒரு தேநீர். றம்பொடையில் நீர்வீழ்ச்சி. லபுக்கலையில் தேயிலை எப்படி உருவாகிறது என்று பார்க்க ஒரு மணித்தியாலம். மதியம் நுவரெலியா. சாப்பிட்டபின் வாவிக்கரை, அல்லது 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்கா. இரண்டில் ஒன்றுதான்! மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் கம்பளையைத் தாண்டிவிடலாம். மாலையில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்குக்கூடத் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவும் கண்டியிலேயே தங்கி மறுநாள் ஊர் திரும்பினால் இன்னும் நல்லது.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்தானது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் விதி. ஒட்டோ கியர் வாகனங்களிலும் தாழ்ந்த கியரில் போடும் வசதி உண்டு. நியூட்ரலில் விட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம். புறப்படுவதற்கு முதல் நாள் பிரேக்கையும் டயரையும் பார்த்தீர்களா என்று சாரதியிடம் மரியாதையாகக் கேளுங்கள். கோபிக்கமாட்டார். பின் இருக்கைகளின் பட்டிகள் பெரும்பாலும் இருக்கை உறைக்குள் புதைந்து கிடக்கும். வெளியே எடுத்துப் போடுங்கள்.

பிறகு மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை இந்தப் பக்கத்தில் பெய்யும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியுடன் கொட்டும். போகும் நாளின் காலநிலையை வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் விடுக்கிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள் என்று பொருள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் மலையகத்தில் எத்தனை உயிர்களும் வீதிகளும் மண்ணோடு போயின என்று பார்த்தோம். எச்சரிக்கை இருந்தால் முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அந்த மழை எங்களுக்கு ஒரு சுற்றுலாவைத்தான் கெடுக்கும். அங்கே லயங்களில் இருப்பவர்களுக்கு அது வீட்டையே கேட்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? நாங்கள் 'இயற்கை அழகு' என்று படம் எடுக்கும் பச்சை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து மனிதர்கள் வெட்டித் திருத்தி உருவாக்கியது. அதை உருவாக்கியவர்கள் எங்கள் மொழி பேசுகிறவர்கள். கொழுந்து பறிக்கும் அக்காவைப் படம் எடுக்குமுன் "எடுக்கட்டுமா அக்கா?" என்று தமிழிலேயே கேட்கலாமே! சாப்பாட்டுப் பொதியின் பொலித்தீனை அவருடைய தேயிலைச் செடிக்குள் எறியாமல் இருக்கலாமே!

பைக்குள் என்ன வைப்பது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவெட்டர், குடை, தண்ணீர், வாந்தி வருபவர்களுக்கு இஞ்சியும் தேசிக்காயும் சில பைகளும், கையில் கொஞ்சம் மாற்றிய காசு. கைபேசியில் 1990 (அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்) இரண்டும். வாந்தி வருபவரை முன்னால் இருத்துங்கள். யன்னல் சண்டையில் அவருக்குத்தான் முதலிடம்!

இவை எல்லாம் மறந்து போனாலும் வழியில் வாங்கிக்கொள்ளலாம். நித்திரையை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே அடுத்த முறை பாதீடு எழுதும்போது வான் வாடகைக்குக் கீழே இரண்டாவது வரியாக இதை எழுதுங்கள்: 'சாரதியின் இரவுத் தங்கல்'. அந்த வரிக்குக் காசு போதவில்லை என்றால், பயணத்துக்கே காசு போதவில்லை என்றுதான் அர்த்தம்.