கிரியேட்டினின் 1.3

அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தலை பாரமாக இருக்கிறது என்றவருக்குக் கருவியைக் கட்டிப் பார்த்தேன்: 172/100. டெல்மிசார்டன் அட்டை மேசை டிராயரில் அப்படியே கிடந்தது. கேட்டதற்கு, நான்காக மடித்து வைத்திருந்த லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். கிரியேட்டினின் 1.3. பக்கத்தில் தடித்த சிவப்பில் ‘ஹை’.

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 1.1தான்ப்பா இருந்துச்சு. நாலே வாரத்துல 1.3. பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்னுடும்னு பார்க்ல எல்லாரும் சொல்றாங்க."

பார்க் என்றால் சிவன் பூங்கா. கே.கே. நகர்வாசிகளின் உடல்நலத் தீர்ப்புகள் காலை ஆறரைக்கு அங்கேதான் வழங்கப்படுகின்றன. அந்த நடைப்பயிற்சி மாமாக்களைக் கிண்டல் செய்து இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அவர்கள்மீது கோபம் வரவில்லை. அவர்களாவது அப்பாவிடம் பத்து நிமிடம் பேசினார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் பேசியது ஒரே வாக்கியம்: "தண்ணி நிறைய குடிங்க." லேப் அதுவும் பேசவில்லை. வாட்ஸப்பில் பி.டி.எஃப். அனுப்பியதோடு சரி.

அந்த 1.3-க்கு என்ன அர்த்தம்? சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்வடிகட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ரத்த அழுத்தம் ஏறினால் வடிகட்டி தாங்க முடியாத வேகத்தில் வேலை செய்து மெல்ல மெல்லப் பழுதாகும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் வெளியே போகும் குழாயைக் கொஞ்சம் அகலமாக்குகின்றன. வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது, வடிகட்டும் வேகமும் சற்றுக் குறைகிறது. அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. மருந்து வேலை செய்வதற்கான அறிகுறியாகவே இது பெரும்பாலும் இருக்கும். ஆரம்பித்த நான்கு வாரத்துக்குள் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் காரணம் தேட வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். 1.1-லிருந்து 1.3 என்பது 18 சதவீதம்.

சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1513 பேரிடம் நடந்த ரெனால் ஆய்வு 2001-இல் வெளியானது. லோசார்டன் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைந்திருந்தது. சரி, சிறுநீரகம் ஏற்கெனவே பெரும்பகுதி கெட்டுப்போனவர்கள் இந்த மாத்திரையை நிறுத்தினால் தேறுவார்களா? பிரிட்டனில் 411 பேரை வைத்து அதையும் சோதித்துப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். நிறுத்தியதால் பலன் எதுவும் இல்லை. கிட்னியைத் தின்னும் என்று பூங்காவில் பெயர் வாங்கிய மருந்தின் உண்மைக் கதை இது. அப்பாவின் ரிப்போர்ட்டில் இதற்கு அரை வரிகூட இடமில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தச் சிவப்பு ‘ஹை’ எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். எண் 1.2-ஐத் தாண்டினால் சிவப்பாக்கு. இரண்டு வரி நிரல். என்னைப் போன்ற ஒருவன்தான் ஒரு மதிய வேளையில் எழுதியிருப்பான். எங்கள் அலுவலகத்தில் ஒரு சர்வருக்கு இப்படி அலாரம் வைத்தால் மறுநாளே திட்டு விழும். முந்தைய அளவு என்ன, நடுவில் என்ன மாற்றினோம், ஏறிக்கொண்டே போகிறதா, ஏறி நின்றுவிட்டதா என்பதெல்லாம் தெரியாமல் அலாரம் அடிக்கக் கூடாது. சர்வருக்குக் கொடுக்கும் மரியாதையை 64 வயது மனிதருக்குக் கொடுக்க மாட்டோமா?

வேடிக்கை இனிமேல்தான். அதே நாளில் அம்மாவுக்கும் அதே பேக்கேஜ் எடுத்திருந்தோம். அம்மாவுக்கு வயது 62, கிரியேட்டினின் 1.1. சிவப்பு இல்லை. "பாரு, நான் நார்மல்" என்று அம்மா ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டாள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். முந்தின நாள் மட்டன் பிரியாணியை ஒரு கட்டு கட்டினாலும் ஏறும். ஆகவே வெறும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும். அதற்குப் பெயர் இ.ஜி.எஃப்.ஆர். 2021-இல் திருத்தப்பட்ட சூத்திரம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். சிவப்பு வாங்கிய அப்பாவுக்கு 61. ‘நார்மல்’ அம்மாவுக்கு 57. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

ஆபத்து ஒருவருக்கு, அலாரம் இன்னொருவருக்கு. வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றும் அந்த லேபின் கணினியில் இருந்தன. கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகாது. போடவில்லை.

எண்பது சோதனைகள் அடங்கிய பேக்கேஜ் அது. வைட்டமின் டி உண்டு, தைராய்டு உண்டு. பிரஷர், சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி முதலில் துப்புக் கொடுக்கும் சோதனை மட்டும் இல்லை: சிறுநீரில் கசியும் ஆல்புமின். கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே இது கசியத் தொடங்கிவிடும். அம்மாவுக்குத் தனியாக எடுத்தோம். 30-க்குள் இருக்க வேண்டியது 85.

"இவ்வளவு விவரம் கொடுத்தால் ஜனங்க குழம்பிடுவாங்க" என்பார்கள். இப்போது தெளிவாக இருக்கிறார்களா? சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், நகரத்துக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடுவீடாகப் போய் எல்லோருக்கும் பிரஷரும் சிறுநீரும் பார்த்தது. பார்த்தவர்கள் அதே கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள். சில துளி அமிலம் விட்டுச் சிறுநீர் கலங்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை. ரிசர்பின், தயசைடு மாதிரி மலிவான பழைய மாத்திரைகள். கையில் ஸ்மார்ட்போன் இல்லாத கிராமத்தில் முடிந்தது, செயலி, பார்கோடு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதி எல்லாம் உள்ள கே.கே. நகரில் ஏன் முடியவில்லை? நம்மிடம் விற்பது எண்ணிக்கை. எண்பது சோதனை என்றால் பெரிய பேக்கேஜ். எண்பதுக்கும் மேலே ஒரு விளக்கம் என்றால் அதற்கு விலைப்பட்டியலில் இடம் இல்லை.

எதிர்த்தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இந்த மாத்திரைகள் விழுங்கிவிட்டு மறந்துவிடும் சமாச்சாரம் இல்லை. பொட்டாசியம் ஏறலாம். ஆரம்பித்தாலோ அளவைக் கூட்டினாலோ இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். ‘லோ சோடியம்’ உப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போனால் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரைக் கேட்டாக வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். டெல்மிசார்டனோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். அப்பா வாரத்துக்கு இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் பூங்காவில் யாரும் எச்சரிக்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், டெல்மிசார்டனைத் திரும்பத் தொடங்கினார். எட்டு வருடமாக அம்லோடிபின் மட்டும் எடுத்துவந்த அம்மாவுக்கும் அதையே சேர்த்தார். அப்பாவால் தாங்க முடியவில்லை. "டாக்டர், இது கிட்னியைத் தின்னுமா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் சிரிக்காமல் ஒரு தாளில் இரண்டு குழாய் வரைந்து காட்டினார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்தத் தாளை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பூங்காவுக்கும் அது போனது என்று பிறகு தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து இருவரையும் லேபுக்குக் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு அதே 1.3, அதே சிவப்பு. பக்கத்தில் பேனாவால் பழைய எண்களையும் தேதியையும் மாத்திரையின் பெயரையும் நானே எழுதினேன். அம்மாவுக்கு ஆல்புமின் சோதனை வேண்டும் என்று கவுன்டரில் சொன்னபோது அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அது பேக்கேஜ்ல வராதே சார். எதுக்கு அது?"

தனியாகப் பணம் கட்டினேன்.