மடியில் கிடக்கும் கிற்றார்

சென்ற மாதம் அன்பர் ஒருவர் ஒரு முறைப்பாட்டோடு என்னிடம் வந்தார். மடியிலே கிடத்தி, தந்திகளின்மேல் உருக்குத் துண்டொன்றை வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிற்றார் ஒன்றை அவர் பழைய பொருளாக வாங்கியிருந்தார். அதனைக் கற்பிக்கும் புத்தகம் ஒன்றையும் தபால்மூலம் தருவித்திருந்தார். புத்தகத்தில் கண்டபடியே வாசித்தாராம். பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்ததாம். அவருக்கன்று, வீட்டாருக்கு. "பிழை என் கையிலா, காதிலா?" என்பது அவருடைய கேள்வி. எடுத்துப் பார்த்தபோது பிழை இரண்டிலும் இல்லை. வாத்தியம் ஒரு சுருதியில் இருந்தது. புத்தகமோ வேறொரு சுருதிக்கு எழுதப்பட்டது.

வீணை பயின்றோருக்கு இது விந்தையாகத் தோன்றும். வீணையின் வாசிப்புத் தந்திகள் நான்கும் ச, ப, ச, ப என்று நிற்கும். எந்த ஆசிரியரிடம் சென்றாலும் அவ்வாறே. மடிக் கிற்றாருக்கு அத்தகைய பொது விதி கிடையாது. காரணம் எளிது. இங்கே இடக்கை விரல்கள் தந்திகளைத் தனித்தனியே அழுத்துவதில்லை. உருக்குத் துண்டு ஒரு நேர்கோடு; சாய்த்துப் பிடித்தாலன்றி எல்லாத் தந்திகளையும் ஒரே மெட்டின் நேரிலேதான் தொடும். எனவே எந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கவேண்டுமோ, அவை வாசிக்கத் தொடங்குமுன்னரே தந்திகளில் அமைந்திருத்தல் வேண்டும். நமது கோட்டுவாத்தியமும் வழுக்கி வாசிப்பதே. ஆயினும் அதில் இராகம் பெரும்பாலும் ஒரு தந்தியின்மேல் ஓடுகிறது. ஹவாய்க் கிற்றாரில் இரண்டு மூன்று தந்திகள் ஒருங்கே பேசவேண்டும். ஆகையால் சுருதி கூட்டுவதிலேயே பாதிச் சங்கீதம் முடிந்துவிடுகிறது.

ஓவாகுத் தீவிலே லாயீ என்னும் ஊரில் 1874இல் பிறந்த யோசேப்பு கெகூகூ என்பவரையே இம்முறையின் தந்தை எனப் பெரும்பாலோர் கொள்வர். அவர் 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங் கண்காட்சிக்குப் பின்னர் அந்நாடெங்கும் ஹவாய் இசைமீது மோகம் பரவிற்று. 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் பூட்டிய கிற்றார் விற்பனைக்கு வந்தபோது, முதன்முதலாக வந்தவற்றுள் ஒன்று மடியில் வைத்து வாசிப்பதே. அதன் உருவத்தைக் கண்டு அமெரிக்கர் அதனைப் பொரிக்கும் தாச்சி என்று அழைத்தனர். பெயர் பொருத்தமானதே.

இனிச் சுருதிக்கு வருவோம். அன்பரின் வாத்தியம் ஏ-மேஜர் எனப்படும் பழைய முறையில் இருந்தது. தடித்த தந்தியிலிருந்து மெல்லியதை நோக்கிச் சொன்னால் ஏ, சி-ஷார்ப், ஈ, ஏ, சி-ஷார்ப், ஈ. ஏ என்பதை ஷட்ஜமாகக் கொண்டால் அது ச, க, ப, ச, க, ப ஆகும். காந்தாரம் அந்தர காந்தாரம். அவருடைய புத்தகம் கேட்டதோ சி-6 என்னும் சுருதி: சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. இங்கே சி ஷட்ஜமாயின் ச, க, ப, த, ச, க. தைவதம் சதுச்சுருதி தைவதம். ரிஷபம் ஒன்றைச் சேர்த்தால் மோகனம் நிறைவுபெறும்.

அந்தத் தைவதம் வந்து புகுந்ததனால் விளைந்த நன்மை பெரிது. தடித்த மூன்று தந்திகளை மீட்டினால் ச, க, ப. மேனாட்டார் மகிழ்ச்சிக்குரியதெனக் கொள்ளும் மேஜர் கூட்டொலி அது. துண்டை அசைக்காமலே மெல்லிய மூன்றையும் மீட்டினால் த, ச, க. அவர்கள் சோகத்துக்கு வைத்திருக்கும் மைனர் கூட்டொலி. ஓரிடத்தில் நின்றபடியே சிரிக்கவும் அழவும் வல்ல சுருதி இது. இன்று கற்பிப்போர் பலரும் இதனையே முதலில் எடுப்பது வியப்பன்று.

அன்பரை இடறச் செய்ததும் இங்கேதான். இரு சுருதிகளிலும் மிக மெல்லிய முதலாந் தந்தி ஈ என்ற ஒரே ஒலியே. ஆனால் ஒன்றில் அது பஞ்சமம், மற்றதில் காந்தாரம். பாடப் புத்தகமோ சுரத்தை எழுதுவதில்லை. இத்தனையாந் தந்தி, இத்தனையாம் மெட்டு என்று எண்களையே எழுதுகிறது. ஒரு சுருதியில் மெய் பேசும் எண், மற்றதிலே பொய் பேசும்.

உண்மை தெரிந்ததும் அன்பர் அவசரப்பட்டார். திருகாணிகளை முறுக்கிச் சி-6 ஆக்க முனைந்தார். நான்காந் தந்தி படீரென்று அறுந்தது. கணக்கைப் பார்த்திருந்தால் முறுக்கியிருக்க மாட்டார். ஏ-மேஜரிலிருந்து சி-6க்குப் போக, இரண்டாந் தந்தி அரைச்சுரம் இறங்கவேண்டும். முதலாவதும் மூன்றாவதும் அப்படியே நிற்கும். தடித்த மூன்றுமோ மும்மூன்று சுரத்தானம் ஏறவேண்டும். ஏ-மேஜருக்கென்று பூட்டிய தந்தி அத்தனை இழுவையைப் பொறுப்பது அருமை. சி-6க்கு எனப் பெயர் குறித்தே தந்திக் கட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கிப் பூட்டுவதே முறை.

கட்டு வந்து சேரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கர்நாடக சங்கீதம் அறிந்தோர் பாடுபவருக்கேற்ப ஆதார ஷட்ஜத்தை ஏற்றியும் இறக்கியும் கொள்வதில்லையா? அதையே இங்கும் செய்யலாம். சி-6இன் வரிசை ச, க, ப, த, ச, க. ஏ-மேஜர் வாத்தியத்தின் தடித்த மூன்று தந்திகள் ஏற்கெனவே ச, க, ப என நிற்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம். மெல்லிய மூன்றை மட்டும் தளர்த்தி, மூன்றாவதை எப்-ஷார்ப் ஆகவும் இரண்டாவதை ஏ ஆகவும் முதலாவதைச் சி-ஷார்ப் ஆகவும் வைத்தால் வரிசை கிடைத்துவிடும். தந்தி சற்றுத் துவளும். இசைத்தட்டோடு சேர்ந்து வாசிக்கவும் ஒவ்வாது. ஆயினும் புத்தகத்தின் எண்கள் யாவும் மெய்யாகிவிடும்.

சுருதி பொருந்தாத புத்தகத்தையும் எறிந்துவிட வேண்டாம். திறந்த தந்தி, ஐந்தாம் மெட்டு, ஏழாம் மெட்டு ஆகிய மூன்றிடங்களில் ஷட்ஜ, மத்திம, பஞ்சமக் கூட்டொலிகள் கிடைக்கும் என்பதும், பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஷட்ஜம் வரும் என்பதும் இரு சுருதிகளுக்கும் பொது. அம்மூன்றையும் கொண்டே எத்தனையோ எளிய பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்துவிடலாம்.

பாடங்களைத் தேடுவது இவ்வளவு சிரமமானதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. அக்காலத்து வித்துவான்கள் பலர் தமது சுருதியைத் தொழில் இரகசியமாகவே காத்தனர். மேடையை விட்டு இறங்குமுன் தந்திகளைத் தளர்த்தி வைத்தோரும் இருந்தனர் என்பர். பிள்ளைக்குச் சொல்லாத வைத்தியத்தை நாமும் அறிவோமே. அவ்வாறு மறைத்ததற்கு ஹவாயே விலை கொடுத்தது. 1970களில் அவ்வாத்தியம் பிறந்த தீவுகளிலேயே அதனை வாசிக்கும் இளைஞர் அருகிவிட்டனர்.

அந்நிலையிலே அங்கு சென்றவர் ஹவாயர் அல்லர். 1920இல் ஒகையோ மாநிலத்து லைமா நகரிற் பிறந்த ஜெரி பேர்ட் என்பவர், சிறுவனாயிருந்தபோது ஊருக்கு வந்த கூடாரக் காட்சியொன்றில் ஹவாய்க் குழுவினரின் இசையைக் கேட்டு மயங்கியவர். பின்னர் புகழ்பெற்று, 1948இல் ஹாங்க் வில்லியம்ஸ் பதிவுசெய்த 'லவ்சிக் புளூஸ்' பாட்டுக்கு வாசித்தவரும் இவரே. சி-6 சுருதியைப் பலரறியச் செய்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. 1972இல் ஹொனலூலுவிற் குடியேறி, அத்தீவின் பிள்ளைகளுக்கே அத்தீவின் வாத்தியத்தைக் கற்பித்தார். இன்று அங்கே கற்பிக்கும் ஆலன் அகாகா அவரிடம் பயின்றவர். 2005இல் பேர்ட் மறைந்தார். கடன் வாங்கிய விதைநெல்லை, வாங்கிய வயலுக்கே கொண்டுபோய் விதைத்த கதை இது.

அவர் எழுதிய பாட வரிசை இருக்கிறது. ஆனால் முற்றிலும் புதியவருக்கு அது செங்குத்தான ஏற்றம். தொடக்கத்துக்கு, மெல் பே பதிப்பகம் வெளியிட்ட டிவிட் ஸ்கொட் என்பாரின் சி-6 பாடநூல் எளிது. ஏ-மேஜரிலேயே நிற்க விரும்புவோர், கிளீவ்லாந்து நகரில் இயங்கிய ஓவாகு பதிப்பகம் வெளியிட்ட பழைய பாடத்தாள்களைத் தேடலாம். தனித்தாள்களாக வந்தவையாதலால் முழுத் தொகுதி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இணையத்திற் காணொளிகளுக்குக் குறைவில்லை. எதுவாயினும் பணத்தையோ பொழுதையோ கொடுக்குமுன், எந்தச் சுருதிக்கு உரியது என்று பாருங்கள். பார்க்கும்போது, தந்திகளைத் தடித்ததிலிருந்து சொல்கிறார்களா, மெல்லியதிலிருந்து சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் அது மாறும்; நானே அதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அன்பருக்குச் சி-6 தந்திக் கட்டு சென்ற வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. இப்போது மாலையில் அரைமணி நேரம், பேர்டின் பதிவொன்றைப் போட்டு, அதன் முதல் நான்கு அடிகளை மட்டும் காதாற் கேட்டு வாசித்துப் பார்க்கிறார். வீட்டார் கதவைச் சாத்துவது நின்றுவிட்டதாம். சன்னலைச் சாத்துவது இன்னும் நிற்கவில்லை.